ஒரு வீட்டில் இரு பானை

உணவைப் பற்றி எழுதுதல் கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏற்றதோ என்று வினவுவாரும் உளர். காவியச் சுவையையும் இலக்கண நுட்பத்தையும் ஆராய வேண்டிய தமிழ் மாணாக்கர், களியையும் குழம்பையும் பற்றிப் பேசப் புகுந்தால், ஆசிரியப் பெருமக்கள் புன்னகை புரிதல் இயல்பே. எனினும், நாள்தோறும் மும்முறை செய்யும் ஒரு செயலைப் பற்றி ஒரு முறையேனும் ஆழ்ந்து சிந்தியாதிருத்தல் கற்றார்க்கு அழகன்று. அன்றியும், இக்காலத்தில் ஓர் இல்லத்தின் அமைதி குலைதற்கு உண்கலமும் காரணமாகக்கூடும் என்பதை யாம் எம் வீட்டிலேயே கண்டறிந்தோம். ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு அன்பர்கள் பொறுத்தருள்க.

எம் ஊர் புதுச்சத்திரம். சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் பெருஞ்சாலையின்கண் உள்ளது. ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத மேட்டு நிலமாதலின், மழையை நம்பிச் சோளமும் நிலக்கடலையும் கொள்ளும் விதைப்பதும், கிணற்று நீர் உள்ளவிடத்து மரவள்ளி நடுவதும் இப்பக்கத்து உழவர் வழக்கம். நிலத்துக்கேற்ற உணவே இல்லங்களிலும் அமைந்தது. கேழ்வரகுக் களி, கம்மஞ்சோறு, சோளச்சோறு, கொள்ளுப்பருப்பு, கீரைக் கடைசல், நிலக்கடலைத் துவையல், அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாய்ப் பொங்கும் அரிசிம்பருப்புச் சோறு ஆகியவற்றை உண்டு வளர்ந்தோம் யாம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வீடு திரும்பியபின் கறிக்குழம்பும் உண்டு. இவையாவும் வயிற்றில் உறுதியாய் நிற்பன. நண்பகலில் இவற்றை உண்டவர் அந்திவரை வேறொன்றையும் நாடார்.

எம் பாட்டனார் இளமையிற் கவலை இறைத்தவர்; ஏர்ப்பின் நடந்தவர். தம் கைக்கு அடங்காத இரண்டு களியுருண்டைகளை வட்டிலில் இட்டுக் குழம்பு ஊற்றி உண்பார் என்று பாட்டியார் இன்றும் சொல்லி மகிழ்வார். அவர் மகனாராகிய எம் தந்தையாரோ நாமக்கல்லில் கணக்கெழுதும் பணியினர். பேருந்தில் ஏறிச் சென்று, நாற்காலியில் அமர்ந்து, மீண்டும் பேருந்தில் வீடு திரும்புபவர். மூன்றாண்டுகட்கு முன் அவருக்கு நீரிழிவு உண்டென்று வைத்தியர் அறிவித்தனர். அன்று முதல் எம் அடுப்பில் இரண்டு பானைகள் ஏறின. ஒன்று எல்லோர்க்குமான சோறும் குழம்பும். மற்றொன்று தந்தையார்க்கென்று கடையில் வாங்கிய ஓட்ஸ் கஞ்சி. அன்னையார் அதனை அன்பினாலேயே செய்தனர். எனினும் அதனால் விளைந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை வீடு முழுதும் கறிமணம் கமழ, ஜெபம் செய்து எல்லோரும் உண்ண அமர்கையில், தந்தையார் மட்டும் தம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குச் செல்வார். “ஊருக்கொரு சோறு, எனக்கொரு சோறா?” என்று ஒருநாள் கேட்டார். மறுமொழி கூறுவார் இலர்.

சில திங்கள் கழித்து, அவர் இரவில் வீடு திரும்பும் வழியிற் சாலையோரக் கடையில் பரோட்டா உண்டு வருகிறார் என்பது வெளிப்பட்டது. பத்தியம் காத்தவர் என்று நாங்கள் எண்ணியிருந்த நாட்களிலெல்லாம் இரத்தத்திற் சர்க்கரை ஏறிக்கொண்டேயிருந்தது. அன்னையார் அழுதனர், தந்தையார் நாணித் தலைகவிழ்ந்தனர். அப்பொழுது பாட்டியார் கூறியது ஒரு வார்த்தையே: “ஆளுக்கொரு பானை வெச்சா அது வூடாகுமா, அம்மிணி? நம்ம பானையையே அளந்து வெச்சுப் பார்க்கலாம்.” இவ்வொரு வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

யாம் கூற வந்தது இதுவே: வயிறு நிறையும் வீட்டுச் சமையலும் உடல்நலம் பேணும் அறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பகையென்று கருதி, நோயாளியை வீட்டுப் பானையினின்று பிரித்தல் ஒரு பிழை. பழைய உணவே உணவென்று கூறி, அளவை நோக்காது பழைய அளவிலேயே உண்ணுதல் மற்றொரு பிழை. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு நேர்வழி உண்டு. அவ்வழி ஒரே பானையின் வழியாகும்.

முதற்கண் மாறியது யாது என்பதை ஆராய்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, கடின உடலுழைப்புடைய ஓர் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்து பணிபுரிபவனுக்கு 2,110 கலோரி போதும். இரண்டிற்கும் இடையே உள்ள வேற்றுமை 1,360 கலோரி. இதனை அரிசியாக அளந்தால் 400 கிராமுக்குச் சிறிது குறையும். எனவே, பாட்டனார் வட்டிலையும் தந்தையார் தட்டையும் ஒரே அளவாய் நிரப்பும் வீடு, நாள்தோறும் ஏறக்குறைய 400 கிராம் அரிசியை வேண்டாத வயிற்றில் இட்டு வருகிறது. களி குற்றம் செய்யவில்லை. ஏர் போயிற்று, ஏருக்கு அளந்த படி போகவில்லை என்பதே உண்மை.

மாறியது உழைப்பு மட்டுமன்று; தட்டில் உள்ள பொருளும் மாறிற்று. களியும் கம்பும் இருந்தவிடத்து வெண்ணிறச் சோறு வந்தமர்ந்தது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடைகளிற் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்படுகிறது. இதனை இகழ்வார் பசியறியாதார். எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் இரவு அடுப்பு எரிவது இவ்வரிசியாலேயே. எனினும், பசியை நீக்கவந்த அரிசி, பருப்பையும் கீரையையும் ஓரத்துக்குத் தள்ளித் தட்டு முழுதையும் தானே பற்றிக்கொண்டதையும் காணாதிருத்தல் இயலாது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பேராய்வு, இந்திய நாட்டில் நீரிழிவுடையோர் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேர் என்று கணித்தது. எம் தந்தையார் தனியர் அல்லர்.

இவ்வெச்சரிக்கை புதியதுமன்று. 1918-ஆம் ஆண்டில் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் நம் குன்னூரில் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டி அவற்றின் வளர்ச்சியை ஒப்புநோக்கினார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கலந்த சீக்கியர் உணவு உண்டவை செழித்து வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை நலிந்தன. அவருக்குப்பின் அந்நிலையத் தலைமை பூண்ட அய்க்ராய்டு 1937-ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். அந்நிலையமே 1958-ஆம் ஆண்டில் ஹைதராபாத் சென்று, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. நீலகிரியில் எழுந்த குரலை நாம் இன்னும் செவிமடுத்தபாடில்லை. அந்நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிகள், நாளுணவின் ஆற்றலில் தானியத்தின் பங்கு நூற்றுக்கு 45-க்கு மேற்படலாகாது என்கின்றன. நம் வீடுகளில் நடப்பது யாது என்பதை அவரவர் தம் தட்டை நோக்கி அறியலாம்.

“அங்ஙனமாயின், அரிசியை விடுத்துச் சிறுதானியத்துக்குத் திரும்பினாற் போதுமன்றோ?” என்பார் சிலர். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின்னர் இவ்வார்வம் பெருகியுள்ளது. இது வரவேற்கத்தக்கதே. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியிலோ அஃது அற்பம். எம் மாவட்டத்துக் கொல்லிமலையிற் சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் பல மரவள்ளிக்கு மாறிவிட்டமையால், அவற்றை மீண்டும் பயிராக்க முயல்வாரின் தொண்டு போற்றற்குரியது. ஆயினும், சிறுதானியத்தைத் தாயத்துப்போல் எண்ணுதல் தவறு. இயந்திரத்தில் நுண்ணிதாய் அரைத்த மாவினாற் செய்த களியும், அளவு மிகுந்தால், இரத்தத்திற் சர்க்கரையை விரைந்து ஏற்றவே செய்யும். இரண்டு தட்டுச் சோற்றுக்கு மாற்றாக இரண்டு பெருங்களி உண்பவர் தானியத்தின் பெயரை மாற்றினாரேயன்றி உணவை மாற்றினாரல்லர்.

இவ்விடத்துத் தமிழ் மாணாக்கராகிய யாம் ஒன்று நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். புறநானூற்று 335-ஆம் பாட்டில் மாங்குடிகிழார் ஒரு சிற்றூரின் உணவுகளாக எண்ணுவன நான்கு: வரகு, தினை, கொள்ளு, அவரை. முன்னைய இரண்டும் தானியம். பின்னைய இரண்டும் பருப்பு வகை. புலவர் உணவு நூல் எழுதப் புகுந்தாரல்லர். எனினும் அச்சிற்றூரின் வாழ்வு தானியமும் பருப்பும் சரிபாதியாய் நின்ற வாழ்வு என்று கொள்ள இடமுண்டு. எம் ஊர்க் கிழவியர் இன்றும் களியைத் தனியே பரிமாறார். கொள்ளோ கீரையோ கடலையோ உடனிருக்கும். கொள்ளு 100 கிராமிற் புரதம் ஏறக்குறைய 22 கிராம். நாம் இழந்தது களியை மட்டுமன்று. களிக்கு அருகிருந்த துணையை. மீட்க வேண்டியது அத்துணையையே முதற்கண் ஆகும்.

இனி, எம் வீட்டுப் பானை எவ்வாறு ஒன்றாயிற்று என்பதைச் சுருங்கக் கூறுவோம். நொய்யைக் கொதிநீரில் வேகவைத்துக் கேழ்வரகு மாவை இட்டுத் துடுப்பாற் கிளறும் களி முன்போலவே எழுகிறது. தந்தையார்க்கு ஒரு கைப்பிடியளவு உருண்டை. அதனைச் சுற்றி, களியினும் மிகுதியாகக் கீரைக் கடைசலும் கொள்ளுப்பருப்பும். மழைக்காலத்திற் காட்டோரத்திற் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் விலையின்றிக் கிடைக்கின்றன. அரிசிம்பருப்புச் சோற்றில், மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்றிருந்ததை இரண்டுக்கு ஒன்றாக்கினார் அன்னையார். சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் கூடச் சேர்ந்தன. சுவை குறைந்ததென்று எவரும் கூறவில்லை, கூடிற்றென்றார் தம்பி.

ஞாயிற்றுக் கறியும் நின்றுவிடவில்லை. எம் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தின் பெயர்பெற்ற கோழிக்கறியைப் பாருங்கள்: கோழி, சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், மஞ்சள், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு, அவ்வளவே. பொடிகளின் ஆரவாரம் இல்லை. எண்ணெயைப் புட்டியினின்று சாய்க்காது கரண்டியால் அளந்தாற் போதும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி என்பதை யாம் அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டியுள்ளோம். கறி முன்போலவே உண்டு; அதற்கென்று குவித்த சோறுதான் பாதியாயிற்று. அப்பாதியிடத்தில் அவரைப் பொரியலும் வெள்ளரியும் அமர்ந்தன. முட்டைக்கோ பஞ்சமில்லை, தமிழகப் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுக்கு முட்டை அனுப்பும் நாமக்கல் எம் பக்கத்தூரன்றோ! உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்று அறிந்தபின், ஊறுகாயும் அப்பளமும் அன்றாடத் துணையாயிருந்த நிலை மாறி, விருந்தினராயின.

மருந்தை யாம் நிறுத்தவில்லை. வைத்தியர் சொற்படியே அது நடைபெறுகிறது. நோய் அகன்றதென்றும் கூறோம். சர்க்கரை முன்னினும் தணிந்துள்ளது. சாலையோரக் கடைக்குச் செல்லும் வழக்கம் நின்றது. யாம் பெரிதாய்க் கருதுவது இப்பின்னதையே. மறைவாய் உண்ணும் மனிதனை எந்தப் பத்தியமும் காவாது. எல்லோருடனும் அமர்ந்து உண்பவனைக் காக்கப் பத்தியத்துக்குத் துணைவர் பலர் உளர்.

அளவு என்னும் இச்சொல் புதிய விஞ்ஞானத்தின் கண்டுபிடிப்பன்று. திருவள்ளுவனார் மருந்து என்று பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயரையேனும் கூறினாரல்லர். பத்தில் ஆறு குறட்பாக்களை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். நம் வேதத்திலும் தானியேல் சரித்திரம் உண்டு. பாபிலோன் அரசனின் பந்தியை மறுத்துப் பத்து நாள் பருப்புணவும் நீரும் கொண்ட அவ்விளைஞர் முகம் வாடவில்லை. ஈண்டு யாம் கருதற்குரியது ஒன்றுண்டு: தானியேல் தனித்து உண்டாரல்லர், நண்பர் மூவர் உடனிருந்தனர். நால்வரும் ஒரே உணவை உண்டமையால் அந்நோன்பு எளிதாயிற்று என்று எண்ணத் தோன்றுகிறது.

இவ்வளவும் கூறியபின், யாம் கூறத் தயங்கும் ஒன்றையும் கூறியாக வேண்டும். “வீட்டுச் சமையலே சிறந்தது” என்று மேடையில் முழங்குதல் எளிது. அச்சமையலைச் செய்பவர் யாவர்? களி கிளறுதல் தோள் நோகும் வேலை. கொள்ளை வேகவைத்துக் கடைதலும், கீரையை ஆய்தலும், கம்பைக் குத்திப் புடைத்தலும் நேரம் கொள்வன. விரைவிற் பொங்கிய சோற்றுக்குத் தமிழ்ப் பெண்டிர் மாறியதற்குச் சோம்பல் காரணமன்று. பகலெல்லாம் வேலைக்குச் சென்று திரும்பும் அவர்க்குக் கைகள் இரண்டே என்பது காரணம். மேலும், பல வீடுகளில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவர் தாயே. பருப்பும் கறியும் தீர்ந்து சோறு மட்டும் எஞ்சும். அளந்து உண்ணுதல் என்பது மிகுதியாய் உண்பவர்க்கு மட்டுமன்று, குறைவாய்ப் பெறுபவர்க்கும் உரிய நீதி. ஆதலின், உணவுச் சீர்திருத்தம் பேசும் ஆடவர் முதலிற் பிடிக்க வேண்டுவது எழுதுகோலையன்று, துடுப்பையே. விடுமுறை நாட்களில் எம் வீட்டுக் களியை இப்பொழுது யாமே கிளறுகிறோம். முதல் நாள் கட்டி தட்டிற்று, பாட்டியார் நகைத்தனர். மூன்றாம் வாரம் நகைக்கவில்லை. அன்னையாரும் இப்பொழுது எங்களுடனேயே அமர்ந்து உண்கிறார்.

விடுதி வாழ் மாணாக்கராகிய நமக்கும் இதிற் பாடம் உண்டு. நம் விடுதித் தட்டில் சோற்றுக்கு வரையறையில்லை. பருப்புக்கும் காய்க்கும் கரண்டிக் கணக்கு உண்டு. நாமோ பெரும்பாலும் இருந்து படிப்பவர். மாலையிற் பந்தாடும் சிலரை ஒழித்தால், உழவர் உழைப்பு நமக்கில்லை. நாளை நம்மிற் பலர் அலுவலக நாற்காலிகளை அடையப்போகின்றவர். நீரிழிவு முதியோர்க்கே உரியது என்னும் எண்ணம் இக்காலத்துக்கு ஒவ்வாது. ஆகவே, விடுதி உணவுக் குழுவினர்க்கு யாம் பணிவுடன் விடுக்கும் வேண்டுகோள் இரண்டு. வாரம் ஒரு நாளேனும் களியோ கம்மஞ்சோறோ கொள்ளும் கீரையும் உடன்வர வழங்குக. ஏனை நாட்களிற் சோற்றுக்குள்ள தாராளத்தைப் பருப்புக்கும் காய்க்கும் மாற்றித் தருக. செலவு மிகும் என்பாராயின், வீணாகும் சோற்றை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தபின் கணக்கிடுக என்று வேண்டுகிறோம். பொருளியல் பயிலும் நண்பர்கள் இதற்கு உதவ முன்வருவாராக.

கடந்த கிறிஸ்துமஸ் நாளன்று எம் வீட்டில் விருந்து. உறவினர் பலர் வந்திருந்தனர். தந்தையார்க்குத் தனிக் கிண்ணம் எங்கே என்று பழக்கத்தால் ஓர் அத்தை தேடினார். தந்தையார் தம் தட்டை நீட்டி, “நானும் இந்தப் பானைதான்” என்றார். சோறு ஒரு கரண்டி, கறி இரண்டு துண்டு, காய் நிறைய. உண்டபின் திண்ணைக்குச் சென்றார். ஆனால் அன்று தனியே செல்லவில்லை, பெரியப்பாவும் சித்தப்பாவும் உடன் சென்றனர். நோயை அளந்து காட்டும் கருவிகள் வைத்தியரிடம் பல உள்ளன. அன்று திண்ணையில் எழுந்த சிரிப்பொலியை அளக்கும் கருவி யாரிடமும் இல்லை. ஆயினும் அதுவே எம் வீட்டு உணவு நெறியின் முதற்பயன் என்று யாம் துணிகிறோம்.

அன்பர்காள்! உங்கள் இல்லத்தில் யாரேனும் ஒருவர் வேறு பானையில் உண்பாராயின், அவரை ஒதுக்காது, உங்கள் பானையைத் திருத்துங்கள். அவர்க்கு நல்லது உங்களுக்கும் நல்லதே.